ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம்! கோடையில் பூச்சிகளை வாசலிலேயே நிறுத்துவது எப்படி?

மாலை ஆறு மணி. நாட்றம்பள்ளியில் வெயில் இறங்கினாலும் சூடு இறங்குவதில்லை. பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடித் தளம், இரவு பத்து மணி வரை வீட்டுக்குள் அனலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தால், காற்றுக்கு முன்னால் கொசு வந்துவிடும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடினால், ஃபேன் சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும். ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கும் நேரமும் இதுதான். நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் பெண்கள், பையை வைத்த கையோடு செய்யும் முதல் வேலை, கொசுவர்த்தி ஏற்றுவதாகத்தான் இருக்கிறது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் கோடை என்றாலே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில்தான். அந்த வெயிலில் மனிதர்கள் வாடினாலும், பூச்சிகளுக்கு அது வளரும் பருவம். வெப்பம் கூடக் கூட, கொசுவும் ஈயும் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாகும் காலம் சுருங்குகிறது. குளிர்காலத்தில் இரண்டு, மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் வளர்ச்சி, கோடையில் ஏழு முதல் பத்து நாள்களில் முடிந்துவிடும். வெளியே வெயில் கடுமையாக இருக்கும்போது, நிழலும் ஈரமும் தேடி அவை வந்து சேரும் இடம் நம் வீடுதான். கட்டிலின் அடி, திரைச்சீலையின் பின்புறம், துணி மாட்டும் ஆணி, பீரோ இடுக்கு என்று அவற்றுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

கொசுவர்த்தி, லிக்விட், ஸ்ப்ரே, பேட் என்று ஒவ்வொரு வீடும் மாதா மாதம் செலவழிக்கிறது. ஆனாலும் கொசு குறைந்தபாடில்லை. காரணம் எளிமையானது. இவையெல்லாம் உள்ளே வந்துவிட்ட பூச்சியோடு போடும் சண்டை. பூச்சியை உண்மையில் நிறுத்தக்கூடிய இடங்கள் இரண்டுதான். ஒன்று, அது பிறக்கும் இடம். இன்னொன்று, அது நுழையும் இடம்.

தோல் தொழில் சொல்லும் பாடம்

இந்த வட்டாரத்துக்கு இது புதிய பாடம் அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களின் தொழிலே, பூச்சி வருவதற்கு முன்னால் தடுப்பதில்தான் தொடங்குகிறது. உரித்த தோலைச் சில மணி நேரம் அப்படியே விட்டால் அழுகத் தொடங்கும், ஈ மொய்க்கும். காய்ந்த தோலைத் துளைத்துத் தின்பதற்கென்றே ஒரு வகை வண்டு இருக்கிறது. அது விழுந்த தோல் விலை போகாது. அதனால்தான் உரித்த சூட்டோடு தோலுக்கு உப்பு ஏற்றுகிறார்கள். வண்டு வந்தபின் மருந்து அடிப்பதைவிட, வண்டுக்குப் பிடிக்காத நிலைக்குத் தோலை மாற்றிவிடுவது லாபம் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு.

அந்த உப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. பதனிடுவதற்கு முன் தோலை ஊறவைத்து அலசும்போது அத்தனை உப்பும் கழிவுநீரில் இறங்கிவிடும். பல ஆண்டுகள் அது பாலாற்றுப் படுகையிலும் நிலத்திலும் கலந்ததில், பல ஊர்களின் கிணற்று நீர் உவர்ப்பாகிப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதை விரிவாகப் பேசியது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குப் பயன்படாமல் போனதாக அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

இதற்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தம்? கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத ஊரில், குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்துத்தான் வைக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வரும் இடைவெளி நீளும்போது, வாசலில் டிரம் வரிசையும் நீளும். அந்த டிரம்தான், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் தொட்டில்.

வேலூருக்கும் கொசுவுக்கும் பழைய கணக்கு

கொசுவால் வரும் காய்ச்சல்களின் இந்திய வரலாற்றில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதர்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-ல், அன்றைய வடஆற்காடு மாவட்டத்தின் வேலூர்ப் பகுதியில்தான். 1950-களிலும் 60-களிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், காய்ச்சலோடு வந்தவர்களின் ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸ்களைப் பிரித்தெடுத்தார்கள். 1963-ல் கொல்கத்தாவில் தலைகாட்டிய சிக்குன்குனியா, மறு ஆண்டு சென்னையோடு வேலூரையும் தாக்கியது. பிறகு பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த அந்தக் காய்ச்சல், 2006-ல் தமிழகம் முழுக்க மூட்டு மூட்டாக வலிக்க வைத்ததை இன்றைய அம்மாக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

டெங்கு இன்னும் கொடுமை. தமிழ்நாட்டில் 2012-ல் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி, 66 பேர் இறந்தார்கள். 2017-ல் எண்ணிக்கை 23,294. இறந்தவர்கள் 65 பேர். கொசுக்கடியை வெறும் தொந்தரவு என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இந்த எண்களே போதும்.

ஏடிஸ் பகல் கொசு!

நம் வீட்டைச் சுற்றும் கொசுக்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. இரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறக்கும் இதுதான் யானைக்கால் நோயைப் பரப்புகிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் வேறு ரகம். கறுப்பு உடம்பில், கால்களில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். சாக்கடையைவிட, வீட்டில் பிடித்து வைத்த சுத்தமான தண்ணீரைத்தான் விரும்பும். கடிப்பதும் பகலில்தான். காலையிலும், சூரியன் மறைவதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் அதிகமாகக் கடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரவு ஏழு மணிக்குக் கொசுவர்த்தி ஏற்றும்போது, ஏடிஸ் அன்றைய வேலையை முடித்திருக்கும். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போன வீட்டில், பள்ளி விடுமுறையில் பாட்டியோடு இருக்கும் குழந்தைதான் பகல் முழுக்க அதன் இலக்கு. தொட்டிலில் தூங்கும் கைக்குழந்தைக்குப் பகலிலும் கொசுவலை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அதாவது, உங்கள் வீட்டில் கடிக்கும் ஏடிஸ், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

டிரம்மைக் காலி செய்தால் போதாது, தேய்க்க வேண்டும்

ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. கறுப்புப் பொடி போல இருக்கும் அந்த முட்டைகள், தண்ணீர் வற்றினாலும் சாகாது. பல மாதம் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே மறுபடி நிரப்பினால் பலன் இல்லை. உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து, விளிம்பிலிருந்து அடி வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு முட்டை கொசுவாகக் குறைந்தது ஏழு நாள்களாவது ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். சங்கிலி அறுந்துவிடும்.

'குடிக்கவே தண்ணீர் இல்லை, இதில் வாரா வாரம் எப்படிக் கொட்டுவது?' என்ற கேள்வி நியாயமானது. கொட்ட வேண்டாம். பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து இன்னொரு பாத்திரத்தின் வாயில் கட்டி, டிரம் தண்ணீரை அதில் வடிகட்டுங்கள். புழுக்கள் துணியில் தங்கிவிடும். காலியான டிரம்மைத் தேய்த்து, கொஞ்சம் தண்ணீரால் அலசி, அந்த அலசலைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். பிறகு வடிகட்டிய தண்ணீரையே திரும்ப ஊற்றலாம். அரைக் குடம் தண்ணீர்தான் செலவு.

அடுத்தது மூடி. டிரம்மின் மேல் ஒரு பலகையோ தட்டோ வைத்தால், பக்கவாட்டில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கொசுவுக்கு அது ராஜபாட்டை. இறுக்கமான மூடி இல்லாத டிரம்முக்கு, வாயை மூடும்படி கொசுவலைத் துணியை விரித்து, சுற்றி எலாஸ்டிக்கோ சைக்கிள் டியூப் பட்டையோ போட்டுக் கட்டிவிடலாம். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடி வெயிலில் வளைந்தோ காற்றில் பறந்தோ போயிருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். அதன் நிரம்பி வழியும் குழாயின் வாயிலும் ஒரு துண்டு வலை கட்ட வேண்டும்.

பேரூராட்சியிலிருந்தோ சுகாதாரத் துறையிலிருந்தோ வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டிரம்மில் போடும் மருந்து, புழுக்களைக் கொல்வதற்கானது. சரியான அளவில் போட்டால் குடிநீர்த் தொட்டியிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மருந்து அது. அவர்கள் தெரு திரும்பியதும் தண்ணீரைக் கீழே கொட்டுவது, நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்குச் சமம். துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெரிய தொட்டி என்றால், கப்பி மீன்களை விடலாம். கொசுப் புழுதான் அவற்றுக்கு விருந்து.

கண்ணுக்குத் தப்பும் தண்ணீர்

டிரம்மை மட்டும் பார்த்தால் போதாது. கோடையில் ஏடிஸ் ஒளிந்திருக்கும் மற்ற இடங்கள் இவை:

* ஏர் கூலரின் அடித்தொட்டி. வாரம் ஒருமுறை வடித்து, துடைத்து, காயவிட்டுப் பிறகு நிரப்ப வேண்டும்.
* ஃபிரிட்ஜின் பின்புறம், கீழே இருக்கும் சிறிய தட்டு. இதைப் பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.
* பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில்.
* பறவைகளுக்கு மாடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம். இதைத் தினமும் மாற்ற வேண்டும்.
* கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், உரல், தேங்காய்ச் சிரட்டை, இளநீர் மட்டை, உடைந்த பிளாஸ்டிக் குடம்.
* அதிகம் பயன்படுத்தாத கழிப்பறையின் ஃபிளஷ் டேங்க்.
* கட்டுமானம் நடக்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டி.
* பழைய டயர்.

கடைசியில் சொன்ன டயரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எப்படிப் போட்டாலும் அதற்குள் தேங்கும் தண்ணீர் வெளியே வராது. ஆசியாவிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களுக்குள் முட்டையாக ஒட்டிக்கொண்டுதான், ஏடிஸ் இனத்தின் இன்னொரு வகையான புலிக்கொசு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985-ல் அங்கே கண்டறியப்பட்ட அது, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. கடல் தாண்டிப் போன கொசுவுக்கு, நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடையிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு வருவது பெரிய காரியமா? ஏப்ரல், மே மாதங்களில் ஒரு கோடை மழை பெய்தால் போதும், இத்தனை நாள் காய்ந்து கிடந்த முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். மழை விட்ட மறுநாள் கொல்லையைச் சுற்றி ஒரு நடை போய் வருவது நல்லது.

ஹவானா காட்டிய வழி

மூடியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு ஒரு நோயையே விரட்ட முடியுமா என்று தோன்றலாம். முடிந்திருக்கிறது. கியூபாவின் ஹவானா நகரம் பல தலைமுறைகளாக மஞ்சள் காய்ச்சலால் செத்துக்கொண்டிருந்தது. அந்தக் காய்ச்சலைப் பரப்பியதும் இதே ஏடிஸ் கொசுதான். 1901-ல் வில்லியம் கார்கஸ் என்ற ராணுவ மருத்துவரின் தலைமையில் வீடு வீடாகப் பணியாளர்கள் போனார்கள். தண்ணீர்ப் பாத்திரங்களை மூட வைத்தார்கள், தேங்கிய நீரைக் கொட்டினார்கள், கொட்ட முடியாத இடத்தில் மண்ணெண்ணெய் தெளித்தார்கள், நோயாளிகளின் அறைகளுக்கு வலை அடித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் அடங்கிப்போனது. இன்றைய பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேக்கள் எதுவும் பிறக்காத காலம் அது.

சிங்கப்பூரில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும். அங்கே வீட்டுக்குள் கொசுப் புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் கட்ட வேண்டும். நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1939-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு உற்பத்தியைத் தடுப்பதற்கென விதிகள் இருக்கின்றன.

ஜன்னலுக்குப் பூட்டு வேண்டாம், வலை போதும்

பிறக்கும் இடத்தை அடைத்தாகிவிட்டது. இனி நுழையும் இடம். காற்றும் வேண்டும், கொசுவும் கூடாது என்றால் அதற்கு ஒரே பதில் வலை. ஓர் அங்குல நீளத்துக்கு 16 முதல் 18 கண்ணிகள் இருக்கும் வலை வாங்கினால், கொசு நுழையாது, காற்று தடைபடாது. அதைவிட நெருக்கமான வலையில் காற்று குறையும்.

சொந்த வீடு என்றால் மரச் சட்டமோ அலுமினியச் சட்டமோ அடித்து வலையைப் பொருத்தலாம். துருப்பிடிக்காத எஃகு வலை விலை கூடினாலும் பல வருடம் தாங்கும். எலியும் கடிக்காது. வாடகை வீடு என்றால் ஆணி அடிக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். அங்கே கைகொடுப்பது வெல்க்ரோ ஒட்டும் வலை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெல்க்ரோ பட்டையை ஒட்டி, அதன்மேல் வலையை அழுத்திவிட்டால் முடிந்தது. ஒட்டுவதற்கு முன் சட்டத்தின் தூசியை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் மே மாத வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும்.

ஜன்னலுக்கெல்லாம் வலை போட்டுவிட்டுப் பாத்ரூம் வென்டிலேட்டரை மறந்துவிடும் வீடுகள்தான் அதிகம். கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியும் அப்படித்தான். கொசு மட்டுமல்ல, கரப்பான், பூரான், தேள் என்று எல்லோருக்கும் அது வழி. கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டை பொருத்தினால் அடைபட்டுவிடும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் உச்சியில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டிவிடுங்கள். இரவுக் கொசுவின் பெரிய கிடங்கு ஒன்று அதோடு மூடப்பட்டுவிடும். சில ரூபாய் வேலை, ஆனால் முழுத் தெருவுக்கும் பலன்.

வலை போட வசதிப்படாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டிலுக்கு மேல் கட்டும் பழைய கொசுவலை. விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகினால்தான் பலன். இன்னொன்று, ஃபேன். கொசு பலமாகப் பறக்கத் தெரியாத பூச்சி. நம் மூச்சுக்காற்றின் வாசனையை வைத்துத்தான் நம்மைக் கண்டுபிடிக்கிறது. படுக்கும் இடத்தில் டேபிள் ஃபேன் காற்று நேராகப் பட்டால், அது எதிர்த்துப் பறக்கவும் திணறும், வாசனையும் கலைந்துவிடும்.

புகையில் கவனம்

மூடிய அறைக்குள் இரவு முழுக்கக் கொசுவர்த்தி எரிவது, கொசுவுக்கு மட்டும் கெடுதல் அல்ல. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரியும்போது வருவதற்கு இணையானவை என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆஸ்துமா இருக்கும் குழந்தையும், வீசிங் இருக்கும் தாத்தாவும் படுத்திருக்கும் அறையில் இது வேண்டாத வினை. வேப்பிலைப் புகை, சாம்பிராணிப் புகைக்கும் இது பொருந்தும். இயற்கையானது என்பதால் புகை நுரையீரலுக்கு நல்லதாகிவிடாது. ஏற்றியே ஆக வேண்டும் என்றால், ஆள் இல்லாத நேரத்தில் ஏற்றி, பிறகு அறையைத் திறந்து காற்றோட்டம் விட்டுப் படுக்கலாம்.

கடையில் பூச்சி மருந்து வாங்கும்போது டப்பாவின் மேல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும். கூடவே சாய்சதுர வடிவில் ஒரு வண்ணக் குறி இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், நச்சுத்தன்மை குறைந்தது பச்சை. பதிவு எண்ணே இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பத்திகளை வாங்காமல் இருப்பது நல்லது. எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸும் பூச்சிக்கொல்லிதான். அதைப் பார்க்கும் குழந்தைக்கு அது சிலேட்டில் எழுதும் சாக்பீஸ். எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

சமையலறைக்கு வரும் விருந்தாளிகள்

ஈ: கோடையில் மாம்பழமும் வரும், ஈயும் வரும். திட உணவை ஈயால் மெல்ல முடியாது. எச்சிலை உமிழ்ந்து, கரைத்துத்தான் உறிஞ்சும். குப்பையில் உட்கார்ந்துவிட்டு வந்து அதையே நம் சாப்பாட்டில் செய்யும்போதுதான் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வருகின்றன. மாம்பழத் தோல், கொட்டை, மீன் கழிவு, கறிக் கழிவை மூடியுள்ள வாளியில் போட்டு அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். குப்பைத் தொட்டியில் ஒருவாரம் தங்கும் கழிவு, அடுத்த தலைமுறை ஈயாகத் திரும்பி வரும்.

எறும்பு: வரிசையாக வரும் எறும்பை நசுக்குவதால் பயனில்லை. முன்னால் போன எறும்பு விட்டுச் சென்ற வாசனைத் தடத்தைப் பிடித்துத்தான் பின்னால் வருபவை வருகின்றன. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டு, அவை வரும் சுவர் விரிசலை வெள்ளை சிமென்ட்டால் அடைத்தால் வழி மறந்துபோகும்.

கரப்பான்: உணவில்லாமல் பல வாரம் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. இரவு படுக்கப் போகும்முன் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுவதும், பாத்ரூம் தண்ணீர் போகும் துளைகளை மூடுவதும் பாதி வேலையை முடித்துவிடும். போரிக் அமிலத்தைக் கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டையாக்கி, குழந்தைகள் கை நுழையாத இடுக்கில் வைப்பது பழைய வழி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதுவும் வேண்டாம்.

வண்டு: அரிசியிலும் பருப்பிலும் வண்டு விழுவதற்குக் காரணம் ஈரப்பதமும் காற்றும். வத்தல் போடும் வெயிலிலேயே பருப்பையும் பயறையும் பரப்பிக் காயவைத்து, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதுதான் பாட்டிகள் செய்தது. சூட்டோடு மூடினால் வியர்த்து மறுபடி வண்டு வரும். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பயறுக்கு ஆமணக்கு எண்ணெய் தடவுவதும் இதே நோக்கத்துக்காகத்தான். ரவை, மைதாவை நான்கு நாள்கள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும். தானியத்துக்குள் இருக்கும் வண்டு காற்றைத் தேடி நகரும் குணமுடையது. அந்தக் குணத்தையே பயன்படுத்தி, துளைகள் போட்ட குழாய் வடிவப் பொறி ஒன்றைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. மூட்டையாக அரிசி வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.

ஈசல்: கோடை மழைக்குப் பிறகு விளக்கைத் தேடி வரும் ஈசலுக்கு மருந்தே தேவையில்லை. வாசலில் நீலம் கலந்த வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பைப் போட்டால் வரவு குறையும். வந்துவிட்டால், உள் விளக்கை அணைத்துவிட்டு வெளி விளக்கை மட்டும் அரை மணி நேரம் எரியவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால்...

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒரு கொசு கடித்துவிடலாம். திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி இருந்தால் டெங்குவாக இருக்கலாம். மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை வலி நிவாரணிகள் ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமாலும், நிறைய நீராகாரமும்தான் முதல் தேவை.

முக்கியமாக ஒன்று: காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் டெங்கு தன் ஆபத்தான முகத்தைக் காட்டும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், குழந்தை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். காய்ச்சலில் இருப்பவரைக் கொசுவலைக்குள் படுக்க வைப்பதும் அவசியம். அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்கு வைரஸைக் கொண்டு போகும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

ஆறு நாளும் வேலைக்கு ஓடும் வீட்டில் இத்தனையையும் யார் செய்வது? ஒரே ஆள் செய்ய வேண்டியதில்லை. ஞாயிறு காலை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். டிரம்மைத் தேய்ப்பது அப்பாவின் வேலை. மாடித் தொட்டி மூடியையும் கூலரையும் பார்ப்பது பெரிய பிள்ளையின் வேலை. கொல்லையில் சிரட்டையையும் பாட்டிலையும் கவிழ்த்து வைப்பது சின்னவர்களுக்கு விளையாட்டாகவே இருக்கும். வலையில் ஓட்டை விழுந்திருந்தால் ஊசி நூலோடு உட்காரப் பாட்டி இருக்கிறார். அம்மாவுக்கு அன்றைக்காவது கொஞ்சம் ஓய்வு.

ஆனால், ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்து வீட்டு டிரம்மிலிருந்து கொசு வரத்தான் செய்யும். தெருவில் பத்து வீடுகள் பேசிவைத்து ஒரே நாளில் செய்தால்தான் முழுப் பலன். குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது பேச எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன. 'அக்கா, இந்த வாரம் டிரம்மு தேய்ச்சிட்டியா?' என்ற கேள்வியும் அதில் ஒன்றாகச் சேரட்டும். அதன்பிறகு மாலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால், உள்ளே வருவது காற்று மட்டுமாக இருக்கும்!